இரண்டு பட்டங்களும் ஒரு வியாழக்கிழமையும்

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் பத்துப் பேர். இப்போது ஆளாளுக்குத் தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்வதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். வணிகத் துறைத் தலைவர். அவர் வேறு ஊரிலிருந்து வரவழைத்திருந்த வெளித் தேர்வாளர். கலைப் பிரிவின் வரலாற்றுப் பேராசிரியை. அவர் வரவழைத்திருந்த வெளித் தேர்வாளர், கைத்தடி ஊன்றி வந்த ஒரு முதிய அம்மையார். இந்த நால்வரும் நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மேசைக்கு முன்னால் என் தம்பியின் மகள். பின்வரிசையில் என் தம்பி, அவன் மனைவி, எங்கள் தையற்கூடத்தின் கட்டிங் மாஸ்டர், நான். கதவருகே, ஆஸ்பத்திரி வாசலில் காவல் பார்க்கும் ஓர் அம்மா. வேறு யாரும் இல்லை.

தம்பி மகளை வீட்டில் ஊசி என்று கூப்பிடுவோம். ஆள் ஒல்லி. பேச்சும் அப்படித்தான், எங்கே குத்த வேண்டுமோ அங்கேதான் இறங்கும்.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சீருடை தைப்பவர்கள். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, பேருந்து நிறுவனம், காவலாளிகளை அனுப்பும் நிறுவனம் என்று வாடிக்கை. வெட்டுவதும் தைப்பதும் தம்பியின் பொறுப்பு. வெளியாரிடம் பேசுவதும் வாக்குக் கொடுப்பதும் மூத்தவனான என் பொறுப்பு. கொடுத்த வாக்கு எதுவும் இதுவரை பொய்த்ததில்லை.

ஊசி பள்ளிப் படிப்பை முடித்ததும் வணிகமும் கலையும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில் சேர்ந்தாள். முடித்தால் இரண்டு பட்டம். வணிக நிர்வாகத்தில் ஒன்று, கலையில் ஒன்று. கலையில் அவள் எடுத்தது வரலாறு. இதைக் கேள்விப்பட்ட அன்று என் மச்சான் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேர் நடுவில் சிரித்தார்.

"துணிக்கடைக்காரப் பொண்ணுக்கு வணிகம் சரி. வரலாறு எதுக்கு? சட்டை எந்த வருஷம் பொறந்துச்சுன்னா கேக்கப் போறாங்க?"

"நாங்க துணிக்கடை இல்ல, தையற்கூடம்," என்றேன்.

"சரிங்க, தையற்கூடம். ரெண்டு பட்டம்னு போவா, ரெண்டுலயும் அரைகுறையா திரும்புவா. பாருங்க."

"ரெண்டையும் முழுசா வாங்குவா. நான் சொல்றேன். வாங்கலன்னா இந்த வீட்டு வாசப்படியில நின்னு நீங்க சொன்னதுதான் சரின்னு நானே வந்து சொல்றேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னது.

நான்கரை வருடம் அவள் எந்தத் தேர்விலும் பின்தங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வணிகத் துறைக் கட்டடம் சாலைக்கு இந்தப் பக்கம், கலைப் பிரிவுக் கட்டடம் அந்தப் பக்கம். நடுவில் பேருந்து ஓடும் சாலை. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம். சாலையைக் கடந்து, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி இருக்கையில் போய் உட்காருவாளாம். "வணிகத்துல என்னைக் கலைக்காரின்றாங்க, கலையில கடைக்காரின்றாங்க. ரெண்டு பக்கமும் மருமக மாதிரி இருக்கேன்," என்பாள். சேர்ந்தபோது அந்தப் படிப்பில் ஏழு பேர். கடைசி வருடத்தில் அவள் ஒருத்தி மட்டும். மற்ற ஆறு பேரும் ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுவிட்டார்கள்.

கடைசிப் பருவத்தில் இரண்டு துறைகளுக்கும் தனித்தனியாக ஓர் ஆய்வு எழுதி, தேர்வாளர்கள் முன்னால் நேரில் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பருவத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒன்று தவறினால் முடித்த ஒரு பட்டத்தோடு வெளியேற வேண்டியதுதான். மற்றதைப் பிறகு வந்து எழுதுவதற்கு வழி கிடையாது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்த அவமானம். அதையும் சொல்லியாக வேண்டும்.

காவலாளி நிறுவனத்துக்கு நாங்கள் தைத்த சட்டைகள் ஆறு மாதத்தில் தேய்ந்து திரும்பி வந்தன. தேய்ந்தது இடது தோள் மட்டும். அந்த நிறுவனத்தின் மேலாளர் ஒரு மூட்டையை என் மேசைமேல் போட்டு, "துணி மட்டம்," என்றார். என் அப்பா காலத்திலிருந்து அந்த வார்த்தையை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. துணி ஆலையை மாற்றினேன். மாஸ்டர் நூலை மாற்றினார். அடுத்த ஆறு மாதத்தில் வேறொரு மூட்டை வந்தது. அதிலும் இடது தோள்தான். அன்று நான் சாப்பிடவில்லை.

ஊசி அந்த மூட்டைகளைக் கேட்டு வாங்கினாள். இருநூற்றுப் பதினான்கு சட்டைகள். ஒவ்வொன்றாக விரித்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எவ்வளவு, எந்த வாசலில் நின்றவர் போட்டது என்று குறித்துக்கொண்டாள். அது வணிகத் துறைக்கான ஆய்வு. அப்புறம் அந்தச் சட்டைகளைப் போட்டவர்களைத் தேடிப் போனாள். ஆஸ்பத்திரி வாசல், வங்கி வாசல், கிடங்கு வாசல் என்று நாற்பது பேரிடம் அவர்கள் கதையைக் கேட்டுப் பதிவு செய்தாள். வேலை செய்யும் இடங்களில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், எப்போதிருந்து, யார் சொல்லி என்று பழைய ஆவணங்களையும் தேடினாள். அது வரலாற்றுக்கு.

எழுதி முடித்து இரண்டு பக்கமும் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து, நேர்முகத் தேர்வு நாளைக் குறித்து இரண்டு துறைகளிலிருந்தும் கடிதம் வந்தது. வணிகத் துறைக் கடிதத்தில் வியாழக்கிழமை காலை பத்து மணி. கலைப் பிரிவுக் கடிதத்திலும் அதே வியாழக்கிழமை காலை பத்து மணி.

இரண்டு அலுவலகத்திலும் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் அங்கிருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. சேர்ந்த படிப்பை நடத்துகிறோம் என்பது அவர்கள் சேர்க்கை விளம்பரத்தில் மட்டும்தான் இருந்தது.

வணிகத் துறை எழுத்தர், "நீ முதல்ல எங்க மாணவிம்மா. அவங்களை மாத்திக்கச் சொல்லு," என்றார். கலைப் பிரிவு எழுத்தரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. வெளித் தேர்வாளர்கள் அந்த ஒரு நாள்தான் வருவார்கள், மாற்ற முடியாது என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

அன்று மாலை நான் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யச் சொன்னேன்.

"எங்க கிளம்பிட்டீங்க பெரியப்பா?"

"துணைவேந்தரைப் பாக்க. எங்க குடும்பம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை வருஷமா காவலாளி உடுப்பு தைக்குது தெரியுமா? கேக்க வேண்டியதைக் கேப்பேன்."

"நீங்க கேட்டா எனக்குக் கிடைக்கும். ஆனா அது நான் வாங்கின பட்டமா இருக்காது. உக்காருங்க."

தம்பி மனைவி, "பெரியவர்கிட்ட இப்படியா பேசுறது?" என்றாள்.

"உக்காருங்கன்னுதானே சொன்னேன். மரியாதைதாம்மா அது."

உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இரண்டு துறையும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே நேரத்தில் தேர்வை நடத்தட்டும் என்பது அவள் யோசனை. அதற்குத் தடை சொல்லும் விதி எதுவும் இல்லை. யாரும் நினைத்துப் பார்க்காததால் விதியும் எழுதப்படவில்லை. அவள் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். வணிகத் தலைவர் படித்துவிட்டு, "கலைப் பிரிவு கையெழுத்துப் போடட்டும், நான் போடுறேன்," என்றார். வரலாற்றுப் பேராசிரியை, "அவர் போட்டதும் கொண்டு வா," என்றார். நான்கு நாள் அந்தச் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடிதத்தில் வணிகத் தலைவருக்கான இடம் மேலே, பேராசிரியைக்கு அதன் கீழே. அந்த அம்மா கீழே போட மாட்டார். மாற்றி எழுதினால் இவர் போட மாட்டார். பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலும், யார் முதலில் போடுவது என்ற கேள்வி நின்றது.

வீட்டில் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா கல்யாணப் பத்திரிகையில யார் பேர் மேலன்னு சம்பந்தி வீட்டோட ரெண்டு மாசம் பேசாம இருந்தீங்களே பெரியப்பா, அப்புறம் எப்படி முடிச்சீங்க?"

"அதுல நியாயம் இருந்துச்சு."

"இருந்துச்சு, இருந்துச்சு. எப்படி முடிச்சீங்க?"

"ரெண்டு பத்திரிகை அடிச்சோம். அவங்க பத்திரிகையில அவங்க பேர் மேல, நம்ம பத்திரிகையில நம்ம பேர் மேல."

அவள் எழுந்து போனாள். மறுநாள் இரண்டு கடிதம். வாசகம் ஒன்றுதான். ஒன்றில் வணிகம் மேலே, மற்றதில் கலை மேலே. ஒன்றை அவளும் மற்றதை அவள் தோழியும் எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு அறைக்கும் போனார்கள். பதினொன்றரைக்குத் தலைவரும் பேராசிரியையும் அவரவர் பெயர் மேலே இருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு கடிதங்களை மாற்றி எடுத்துப் போய் மற்றக் கையெழுத்தையும் வாங்கினார்கள். எந்தக் கட்டடத்துக்கும் சொந்தமில்லாத இடம் என்று நூலகத்தின் மாடி அறை முடிவாயிற்று.

தேர்வைப் பார்க்க வெளியார் பின்வரிசையில் உட்காரலாம், பேசக் கூடாது. கிளம்பும்போது ஊசி என்னிடம், "நீங்க வாயைத் திறக்கக் கூடாது," என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. வணிகப் பக்கத்துக் கேள்விகளுக்கு எண்களோடு பதில் சொன்னாள். இருநூற்றுப் பதினான்கில் நூற்று எண்பத்தேழு சட்டைகள் இடது தோளில் தேய்ந்தவை, இரண்டு வேறு ஆலைத் துணியிலும் அதேதான், ஆகவே குறை துணியில் இல்லை. அந்த வார்த்தையை அவள் சொன்னபோது என் தம்பி என் கையைப் பிடித்தான். வரலாற்றுக் கேள்விகளுக்கு, காவலாளிகள் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்ற விதி எப்போது, எந்த ஆஸ்பத்திரியில் எழுத்தில் வந்தது என்பதில் தொடங்கிச் சொன்னாள்.

வணிகத் தலைவர் அழைத்து வந்த தேர்வாளர் இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார்.

"ஒரு நிமிஷம். இது ரெண்டும் ஒரே வேலைதானே?"

இரண்டின் முதல் பக்கத்தையும் விரலால் தட்டினார்.

"அதே சட்டை, அதே காவலாளிகள். ஒரு வேலையைச் செஞ்சுட்டு ரெண்டு பட்டம் கேக்குறீங்களா? தனித்தனியா உக்காந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

வரலாற்றுப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அது நியாயமான கேள்வி," என்றார். ஊசி அழைத்து அவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததே அவளுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் ஏற்போம் என்று அவர்கள் சொன்னால் அவ்வளவுதான். ஐந்து வருடமும், அந்தச் சாலையும், பன்னிரண்டு பேர் முன்னால் நான் கொடுத்த வார்த்தையும் போனது. எனக்கு நாக்கு நுனியில் ஆயிரம் இருந்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி அவசரப்படவில்லை. "தனித்தனியா உக்காந்திருக்கலாம் சார். ஒரே மேசைக்கு உங்களைக் கூப்பிட்டதே நான்தான்," என்றாள். "சட்டைங்க எங்க தேயுதுன்னு சொல்லுச்சு. ஏன்னு சொல்லல. ஆளுங்க அவங்க நிக்கிற கதையைச் சொன்னாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கும் மத்தவங்க சட்டையும் அதே இடத்துல தேயுதுன்னு தெரியாது. வணிக ஆய்வுல ஏன்ங்கிற கேள்விக்கு நான் பதிலே எழுதல, நாப்பத்தோராம் பக்கம் பாருங்க. வரலாற்று ஆய்வுல ஒரு சட்டையோட எண்ணிக்கைகூட இல்ல. ஒண்ணை இன்னொண்ணுக்குள்ள நான் ஒளிச்சு வைக்கல."

முதிய அம்மையார் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

வணிகத் தலைவர் விடவில்லை. "சரி, ஏன்? சாஞ்சு நிக்கிறதாலன்னு நீ சொல்ற. அவங்க எல்லாம் தோள்பை மாட்டுவாங்களே, அந்தப் பட்டை தேய்ச்சிருக்கலாமே. அப்படின்னா உன் வரலாறு முழுக்கக் கற்பனை. வணிகத்துல மட்டும்தான் மதிப்பெண் கொடுக்க முடியும்."

பின்வரிசையில் பேசக் கூடாது என்பதை மறந்து மாஸ்டர் எழுந்துவிட்டார். "பட்டைன்னா மேல தேயும் சார். இது பின்னால தேஞ்சிருக்கு. முப்பது வருஷமா வெட்டுறேன்."

"நீங்க உக்காருங்க," என்றார் தலைவர்.

"உக்காந்துட்டேன் சார்."

வரலாற்றுப் பேராசிரியை பதில் சொல்ல வாயெடுத்தவர் கதவுப் பக்கம் பார்த்து நிறுத்திவிட்டார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

ஊசி கதை கேட்ட நாற்பது பேரில் ஒருவரான காவல்கார அம்மா தேர்வைப் பார்க்க வந்திருந்தார், அவருக்கும் நாற்காலி போட்டிருந்தது. அவர் அதில் உட்காரவில்லை. எங்கள் தையற்கூடத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவு நிலையில் இடது தோளின் பின்பக்கத்தைச் சாய்த்து, வலது கையைக் கதவுப் பிடிமேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வந்ததிலிருந்து அப்படித்தான் நின்றிருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை.

"ஏம்மா உக்காரல?" என்றார் தலைவர்.

அம்மா பதறி நிமிர்ந்தார். "பழக்கமில்லீங்க. வண்டி வந்தா வலது கையால கேட்டைத் திறக்கணும்ல, அதான் இந்தப் பக்கம் சாஞ்சுக்கிறது."

"கொஞ்சம் திரும்புங்க."

அவர் திரும்பினார். நான்கு மாதச் சட்டை. பின்தோளில், கதவு நிலை பட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் துணி வெளுத்து மெலிந்திருந்தது.

தலைவர் எழுந்து போய் அதை அருகில் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். திரும்பி வந்து உட்கார்ந்து, கேள்வித் தாளை மூடி வைத்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்ட முறை மாறிவிட்டது. அவர் விதி எழுதப்பட்ட வருடத்தைப் பற்றிக் கேட்டார். பேராசிரியை, தோளுக்கு இரட்டைத் துணி வைத்தால் தைக்கும் நேரம் எவ்வளவு கூடும் என்று கேட்டார். சட்டையைச் சரி செய்வதா, நாற்காலி போடுவதா, எது வழி என்று முதிய அம்மையார் கேட்டதற்கு, "நாற்காலிதாம்மா. சட்டை அதுவரைக்கும்," என்றாள் ஊசி. "எங்க பெரியப்பாவுக்கு ரெண்டாவது பாதி மட்டும்தான் பிடிக்கும்." சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மையில்லை, இரண்டு பாதியும் பிடித்திருந்தது.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு இருபது நிமிடம் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டபோது வணிகத் தலைவர் பேராசிரியையிடம், "நீங்க சொல்லுங்க," என்றார்.

"இல்ல, நீங்களே சொல்லுங்க."

"பரவாயில்ல, நீங்க முதல்ல."

கையெழுத்துக்கு நான்கு நாள் அலையவிட்டவர்கள் இவர்கள்தான். கைத்தடி அம்மையார் பொறுக்கவில்லை. "எனக்கு ரயில் இருக்கு," என்றார். "ரெண்டுலயும் தேர்ச்சி. ரெண்டுலயும் முதல் வகுப்பு. ரெண்டும் வெவ்வேறு வேலைன்னு நாங்க நாலு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி மாஸ்டரைக் கட்டிக்கொண்டான். நான் எழுந்து நின்று நால்வருக்கும் கைகூப்பினேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தேன். "நன்றி," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊசி படிகளில் இறங்கும்போது, "பரவாயில்லையே பெரியப்பா, ஒரு மணி நேரம் தாக்குப் பிடிச்சுட்டீங்க," என்றாள்.

"ஒரு மணி இருபது நிமிஷம்," என்றேன்.

அந்த வாரமே அவள் வரைந்த சட்டையை மாஸ்டர் வெட்டினார். இரண்டு பின்தோளிலும் இரட்டைத் துணி, அழகுக்கு வைத்தது போலத் தெரியும். "துணி மட்டம்" என்று சொன்ன மேலாளரை வரச் சொல்லி, அதே மேசையில், அவர் மூட்டையைப் போட்ட அதே இடத்தில், ஊசி இரண்டு ஆய்வுகளையும் வைத்தாள். அவர் முதலில் வணிக ஆய்வைப் படித்தார். மறுநாள் போன் செய்து மற்றதையும் படித்துவிட்டதாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இப்போது ஒரு முக்காலி இருக்கிறது. மற்ற வாசல்களுக்கும் வாங்கித் தருவது பற்றிப் பேச்சு நடக்கிறது.

பட்டமளிப்பு நாளில் வணிகத்துக்கு ஒரு முறை, கலைக்கு ஒரு முறை அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது, தவறாகப் படித்துவிட்டார்கள் என்று சபையில் பலர் சிரித்தார்கள். அவள் மேடையேறினாள். சிரிப்பு நின்று கைதட்டல் எழுந்தது, மேலே மாடத்திலிருந்தும். நான் இரண்டு முறையும் எழுந்து நின்றேன். முன்வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

மச்சான் வீட்டுக்கு நான் போக வேண்டியிருக்கவில்லை. அவரே வந்தார். அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒன்றுதான். அந்த நான்கு தேர்வாளர்களில் கைத்தடி அம்மையார் எங்களுக்குத் தூரத்து உறவு, அதனால்தான் இரண்டு பட்டமும் கிடைத்தது என்று உறவில் சிலர் சொல்லிவருகிறார்கள். அந்த அம்மையார் எங்களுக்கு உறவில்லை. அன்றைக்கு முன்னால் நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததும் இல்லை.